நகர்த்தும் நிரல்

கணினி அறையில் விசிறிகளின் இரைச்சல் காதை அடைக்கிறது. கணினியின் மூளையான செயலிக்குத் தொலைவில் கிடக்கும் நினைவகப் பக்கங்களை, அதாவது தரவுத் துண்டுகளை, வேகம் கூடுவதற்காக அதன் அருகே நகர்த்தி வைக்கும் நிரலை அவள் சோதித்துக்கொண்டிருக்கிறாள். எழுதியவன் அவள் கணவன். போன மாதம்தான் இறந்துபோனான். திரையின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது. பக்கங்களை நகர்த்தினால் வேகம் குறைகிறது. இருந்த இடத்திலேயே விட்டால் கணினி பறக்கிறது. "இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா சார்?" என்கிறாள். பின்னால் நிற்கும் மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "எத்தனை தடவைம்மா ஓட்டுவே? நகர்த்துற நேரமே லாபத்தைத் தின்னுடுது. தூக்கிடலாம். நீ வெளியில இரு, நான் பாத்துக்கிறேன்." "வேணாம் சார். அவர் எழுதினது. நானே எடுத்துடறேன்." அழிக்கும் விசையை அழுத்திப் பிடிக்கிறாள். வரிகள் கீழிருந்து மேலாகக் கரைகின்றன. மறுபடி ஓட்டுகிறாள், வேகம் ஏறுகிறது. "நல்லா ஓடுதும்மா" என்கிறார் மேலாளர், தயங்கித் தயங்கி. அவள் தலையாட்டுகிறாள். ஏறும் எண்களைப் பார்க்காமல் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.