சத்தம் போடாத வால்வு

அந்தச் சத்தத்தை முதன்முதலில் எப்போது கேட்டான் என்பது கஜேந்திரனுக்குச் சரியாக நினைவில்லை. மதுஷா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் என்று அவனாக எண்ணிக்கொண்டான்.

கொழும்பில் அவன் மனைவியின் நெஞ்சைத் திறந்து, இரத்தம் கசிந்த இதய வால்வை எடுத்துவிட்டு வேறொன்றைத் தைத்திருந்தார்கள். பூனாகலை தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் அவள் தூங்கும்போது 'டிக், டிக்' என்று கேட்கும். மேல் லயத்து வேலாயிக்கு வைத்த இரும்பு வால்வும் அப்படித்தான் அடிக்கும். "சத்தம் கேக்குற வரைக்கும் ஒம்பொண்டாட்டிக்கு ஒன்னும் ஆகாது தம்பி," என்றிருந்தாள் வேலாயி. அதைக் கேட்டபடியே அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

பதுளை கிளினிக்கில் அதைப் பெருமையாகச் சொன்னான். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை பெத்துக்கணும்னு இவங்க கேட்டதால மாட்டுத் திசுவுல செஞ்ச வால்வு வச்சிருக்காங்க. அது சத்தம் போடாதே."

வீடு வந்ததும் மதுஷாவின் நெஞ்சில் காதை வைத்தான். மெத்தென்ற துடிப்பு மட்டுமே கேட்டது. ஆனால் 'டிக், டிக்' நிற்கவில்லை.

மதுஷா அவன் தலையைத் தடவினாள். "அது நீங்கதானேங்க. கல்யாணம் ஆனதுலருந்து கேக்குறேன். சொன்னா பயந்துருவீங்கன்னு விட்டுட்டேன்."

அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தான். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை.

மதுஷா தேறி, மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறாள். கஜேந்திரன் ஐப்பசி மழையில் ஒரு விடியலில் எழுந்திருக்கவில்லை. அவன் பார்க்காத மகள் இப்போது நன்றாக நடக்கிறாள். அவள் தூங்கும்போது மட்டும் மதுஷா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறாள்.