இருபது தலை, ஒரே வேர்

"அந்தக் கட்டுரையைத் தூக்கிக் குப்பையில போடுங்க சார். விருதையும் நிறுத்துங்க."

ஆய்விதழின் துணையாசிரியருக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. எதிரே நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். முழங்கால் வரை சேறு, கையில் ஈரம் சொட்டும் சாக்கு. உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகும் என்று மறுத்துவிட்டார். இந்தக் கோலத்தில் வந்தவரைக் காவலாளி எப்படித்தான் உள்ளே விட்டாரோ!

குப்பையில் போடச் சொன்னதும் லேசுப்பட்ட கட்டுரை இல்லை. சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு மருந்துப் புதரைப் பற்றி இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இதே இதழில் வந்தது. வெட்ட வெட்ட இந்தப் புதர் பெருகும், ஒன்றை வெட்டினால் இருபது முளைக்கும் என்று எண்ணிக் காட்டிய கட்டுரை. மூட்டுவலி மாத்திரை செய்கிற கம்பெனிகள் அதைக் காட்டித்தான் வருடா வருடம் வெட்டுவதற்கு அனுமதி வாங்குகின்றன. எழுதிய விஞ்ஞானிக்கு வருகிற வெள்ளிக்கிழமை வாழ்நாள் விருது. அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது.

துணையாசிரியர் இங்கே சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் அந்தக் கட்டுரையைக் கல்லூரி நாளிலேயே கரைத்துக் குடித்தவர். ஊரே மெச்சுகிறபோது யாருக்காவது வயிறு எரியத்தானே செய்யும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

"அதுல என்ன தப்பைக் கண்டுட்டீங்க?"

பெண்மணி சாக்கை மேசைமேலேயே கவிழ்த்தார். தொப்பென்று விழுந்தது ஒரு புதர். தண்டுகள் மட்டும் இருபதுக்குக் குறையாது. அத்தனையும் அடியில் ஒரே வேரில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேர் பாதி அழுகி, அறை முழுக்க நாறியது.

"இதைத்தான் இருபது புதுச் செடின்னு எண்ணியிருக்கா அவ. மேல நின்னு தலையை எண்ணிட்டுப் போயிட்டா. ஒரு இடத்துலயாவது தோண்டிப் பாத்திருக்க வேண்டாமா?"

மிச்சத்தையும் மளமளவென்று சொல்லி முடித்தார். வெட்டுப்பட்ட புதர் உயிர் பிழைக்கத்தான் பக்கத்தில் துளிர்விடுகிறதாம். அதையும் வெட்டிவிடுவதால் பூக்க நேரமே இல்லை. பூ இல்லாமல் வண்டு வருவதில்லை, வண்டு வராமல் விதை கட்டுவதில்லை. நாலு வருடமாக அந்தச் சதுப்பு முழுக்கத் தோண்டிப் பார்த்ததில், உயிரோடு இருப்பவை ஒன்பது வேர்கள்தான். அடுத்த மாதம் வெட்டு தொடங்கினால் அதுவும் போச்சு.

துணையாசிரியர் வேரை விரலால் கிளறிப் பார்த்தார். ஒரே வேர்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"எவ்வளவு பெரிய விஞ்ஞானி அவங்க. அவ இவன்னு பேசாதீங்க."

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு சார். சீக்கிரம் பட்டம் வாங்கணும், பேர் வாங்கணும்னு பறந்தா. அவளுக்கு மரியாதை ஒண்ணுதான் குறைச்சல்."

துணையாசிரியர் எழுந்தே விட்டார். இதழின் மானம் போகும், கம்பெனிகள் கோர்ட்டுக்கு இழுக்கும், அந்த விஞ்ஞானியின் ஆயுசுக்கால உழைப்பு சந்தி சிரிக்கும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். பெண்மணி அசைந்து கொடுக்கவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும், ஒன்பது வேரும் பிழைத்தால் போதும் என்றார்.

இனி விதிகளைத் தவிர வேறு வழியில்லை. துணையாசிரியர் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை உருவி அவர் முன்னால் போட்டார்.

"வழியில போற யார் வேணா வந்து கட்டுரையை நிறுத்துன்னா நிறுத்த முடியாது. எழுதினவங்களே நேர்ல வந்து, நான் பண்ணது தப்புன்னு கையெழுத்துப் போடணும். விருது கையில விழப் போற நேரத்துல எந்த மனுஷி வந்து நிப்பா, சொல்லுங்க?"

பெண்மணி சேற்றுக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த பேனாவை எடுத்தார்.

"வந்துதான் நிக்கிறேன் சார். எங்க போடணும், காட்டுங்க."