ரோஜா சோப்பு

"சோப்பு! கடைச் சோப்பு போட்டுக் குளிக்கிறீங்க!"

"யாரு, நானா? ஏம்மா, நான் பாட்டுக்கு..."

"அதுவும் ரோஜா சோப்பு! இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க?"

"கொஞ்சம் பொறு, தலையில தண்ணி..."

"பொறுக்கவா? நுரை வாய்க்காலுக்குப் போயிட்டா யாரு ஓடிப்போய்ப் பிடிக்கிறது?"

குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவள் புருஷன். நடுவில், தச்சரான அவரே இழைத்து மாட்டிய கதவு. மேலே ஒரு சாண் காற்றுவழி தவிர ஓர் இடுக்கு கிடையாது.

கையிலிருந்த, உரக்குழி கிளறும் கிளறுகோலால் அந்தக் கதவை இடித்தாள்.

சேர்ந்து பயிர் செய்து வாழும் அந்தக் குடியிருப்பில் இருபத்திரண்டு வீட்டுக் குளியல் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் ஓடி, கல்வாழைப் பாத்தியில் வடிந்து, ஒரே குளத்தில்தான் விழுகிறது. மீனும் தவளையும் அதில்தான். எல்லோருடைய காய்கறிக்கும் அந்தத் தண்ணீர்தான். பூந்திக்கொட்டைப் பொடி தவிர வேறெதையும் தேய்த்துக் குளிப்பதில்லை என்று, இங்கே வந்து சேர்ந்த வருஷமே கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பொதுக்கூடத்துப் பலகையில் அதை எழுதி வைத்ததே அவள்தான்.

மீறினவரை யாரும் திட்டுவதில்லை. சாயங்காலக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை.

"இன்னிக்குத்தானா உங்களுக்குக் கிடைச்சுது?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "ஒரே வீட்டிலேர்ந்து ரெண்டு பேரா எந்திரிச்சு நிக்கணும்?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இன்றைக்கு அவள் எழுந்து நிற்க வேண்டிய நாள். இனி இந்த வேலை என்னால் ஆகாது என்பவர்கள், அந்த வேலைக்கான கருவியைக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிட வேண்டும். அது அங்கே வழக்கம். அதற்காகத்தான் கிளறுகோலைத் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குளியலறையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷமாக உரக்குழிகள் அவள் பொறுப்பு. சமையற்கழிவு, சாணம், சருகு, பட்டறை மரத்தூள் எல்லாம் அங்கே மக்கும். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "இது ஆயிடுச்சு, இதுக்கு இன்னும் பத்து நாள்" என்பாள். அவள் சொல்லாமல் ஒரு குழியும் திறக்காது.

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவள் மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வெளியே சொல்லவில்லை. ஆகாத குழியை ஆகிவிட்டது என்றாள். தக்காளி நாற்று அத்தனையும் கருகிப்போயின. வெயில் ஜாஸ்தி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரியும். இரவெல்லாம் பக்கத்தில் விழித்துக் கிடந்தவருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து அவர் அவளுக்கு மூக்கானார். யாரும் வருவதற்குள் விடியலில் குழியோரம் குந்தி முகர்ந்து பார்ப்பார்.

"எப்படி இருக்கு?"

"நேத்து மாதிரிதான்."

"நேத்து எப்படி இருந்துச்சு?"

"முந்தாநேத்து மாதிரி."

மரத்தைத் தவிர எதையும் அறியாத மூக்கு. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று அவர் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் எதையாவது கசக்கிக் கொண்டுவந்து நீட்டுவார். எலுமிச்சை இலை, வெங்காயம், ஒருமுறை பட்டறைப் பசை. "தெரியுதா?" என்பார். ஒருநாள் அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் எதையும் நீட்டவில்லை.

மனுஷனுக்குச் சலித்துவிட்டது போலிருக்கிறது என்று இப்போது தோன்றியது.

"இத்தனை மாசமா உங்களைக் குப்பையை மோந்து பார்க்க வெச்சேன்ல," என்றாள் கதவிடம், மெதுவாக. "அதான் உங்களுக்கு ரோஜா கேக்குது. வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். நான் என்ன, கோவிச்சுக்கவா போறேன்?"

கதவு திறந்தது.

இடுப்பில் துண்டோடு, துணி ஊறவைக்கும் மரத்தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தொரு வயதில், ஒடுங்கி, குட்டைக்குள் நாரை நிற்பது மாதிரி. காதோரம் நுரை. கணுக்கால் வரை நுரைத் தண்ணீர். தரை மட்டும் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுகூட வாய்க்கால் பக்கம் போகவில்லை.

அவளுக்கு ஆத்திரம் பாதி இறங்கியது. மீதியை விட மனசு வரவில்லை.

"இந்தத் தண்ணிய என்ன பண்றதா உத்தேசம்? குடிக்கப் போறீங்களா?"

"நீ சொன்னா குடிக்கிறேன். கூட்டத்துல எந்திரிச்சும் நிக்கிறேன்."

அவர் கண் சிவந்திருந்தது. நுரை பட்டிருக்கும் என்று நினைத்தாள்.

மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார். போன வாரம் நாற்காலி கொடுக்க டவுனுக்குப் போனபோது வாங்கி, இத்தனை நாள் பட்டறையில் ஒளித்து வைத்திருந்த இளஞ்சிவப்பு வில்லை.

"கதவு சாத்தியிருந்துச்சு. இது என் கைக்குள்ள இருந்துச்சு. ரோஜான்னு உனக்கு யாரும்மா சொன்னா?"