பதினோரு ஜன்னல்

பீப்! பீப்! பீப்!

அடுப்பு மறுபடி நின்றுவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

நார்மன் பாதி தின்ற ப்ளாய் தோசையைத் தட்டில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுடர் குறுகிச் சிவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே.

"ஆச்சா?" என்றான் மகன் க்ரெய்க், சாப்பாட்டு மேஜையை விட்டு எழாமலே.

ஆச்சு.

மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைத் தானே இழுத்துப் போட்டு எரித்து, வீடு முழுக்கச் சூடாக்குகிற பெல்லட் அடுப்பு அது. ஒன்பது குளிர்காலம் முரண்டு பிடிக்காமல் உழைத்தது. இந்தப் புத்தாண்டிலிருந்துதான் இந்தக் கூத்து.

நார்மன் பார்க்காத வைத்தியம் இல்லை. சாம்பலை வழித்தார். எரிகிண்ணத்தைச் சுரண்டினார். புகைக்குழாய்க்குள் பிரஷ் விட்டார். குச்சி மூட்டையை மாற்றினார். காற்று கசிகிறதா என்று அடுப்புக் கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். நோட்டு கிழிந்ததே தவிர, கதவு விட்டுக்கொடுக்கவில்லை.

க்ரெய்க் போர்ட்லாந்திலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான். வண்டியின் பின்னால் மடித்த அட்டைப்பெட்டிகள். பேச்சு ஏற்கெனவே முடிந்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் அடுப்பு நின்று எரியாவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு நார்மனும் மனைவி பெர்னடெட்டும் அவனோடு கிளம்ப வேண்டும்.

"காத்துதாம்ப்பா. ஜன்னல் இடுக்குல காத்து நுழைஞ்சு அடுப்பைக் கெடுக்குது." குரலைத் தாழ்த்தினான். "பிளாஸ்டிக் சரியா ஒட்டலை. அம்மாவால முடியாதுன்னு தெரிஞ்சும் ஏன் செய்ய விட்டீங்க?"

குளிர் புகாதபடி அக்டோபரில் பதினோரு ஜன்னலுக்கும் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியவள் பெர்னடெட். உதவிக்கு டேப்பை எடுத்த நார்மனின் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது க்ரெய்க்" என்றாள், சாய்வு நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தவள்.

பத்து மணிக்கு வர வேண்டிய மெக்கானிக் டானா, ஒரு மணிக்கு வந்து பூட்ஸிலிருந்த பனியை உதறினாள். அடுப்பின் முதுகைத் திறந்தவள் ஒரு விசில் அடித்தாள்.

"பெரியவரே, நீங்க கை வைக்காத ஸ்க்ரூ ஏதாவது பாக்கி இருக்கா?"

உள்ளே போகும் மெல்லிய ரப்பர் குழாயில் காற்றழுத்தம் காட்டும் ஒரு அளவுமானியைச் செருகி அடுப்பைப் பற்றவைத்தாள். அழகாக எரிந்தது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். மானியின் முள் நகரவே இல்லை. டாக்டர் வந்ததும் காய்ச்சல் இறங்குகிற குழந்தை மாதிரி அடுப்பு சாதுவாக இருந்தது.

க்ரெய்க் மணிக்கட்டைப் பார்த்தான்.

சும்மா உட்கார பெர்னடெட்டுக்கு ஆகாது. எழுந்து போய், காலையிலிருந்து நாலாவது நடையாக, ஈரப் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக டிரையரில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். க்ரெய்க் கிறிஸ்மஸுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய டிரையர். அதுவரை அந்த வீட்டில் துணி காய்ந்ததெல்லாம் நிலவறைக் கொடியில்தான்.

மானியின் முள் சரிந்தது. சுடர் சோம்பலாகி ஆரஞ்சு நிறத்தில் புகைந்தது.

பீப்! பீப்! பீப்!

"யாரும் அசையாதீங்க" என்றாள் டானா.

அசையவில்லை. டிரையர் மட்டும் தடதடவென்று உருண்டது.

அவள் போய்ச் சமையலறைக் கதவை ஒரு சாண் திறந்தாள். குளிர் கணுக்காலை வெட்டியது. முள் ஏறியது. கதவை மூடினாள். முள் இறங்கியது.

பிறகு ஒரு தீக்குச்சியைக் கிழித்து, ஜன்னல் பிளாஸ்டிக்கின் ஓரமாகவே மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். தீ ஆடவில்லை. அடுத்த ஜன்னலுக்கு அடுத்த குச்சி. ஆடவில்லை. க்ரெய்க் பின்னாலேயே போனான், எங்காவது ஒரு இடத்தில் ஆடித்தானே ஆக வேண்டும் என்பது போல.

பதினோராவது ஜன்னலிலும் தீ கம்பி மாதிரி நின்றது.

"டிரையர் வீட்டுக் காத்தையெல்லாம் உறிஞ்சி வெளிய தள்ளுது. பதிலுக்கு உள்ள வர ஒரு ஊசி ஓட்டை கூட இல்ல. அடுப்பு மூச்சு முட்டி நின்னுபோகுது, அவ்ளோதான்." டானா குச்சியை ஊதி அணைத்தாள். "அடுப்புக்குப் பின்னால சுவத்துல ஒரு காத்துக் குழாய் போட்டுட்டா சரியாயிடும். இருட்டறதுக்குள்ள முடிச்சுடறேன். இந்த பிளாஸ்டிக்கை மட்டும் யாரும் தொடாதீங்க."

க்ரெய்க் டிரையரைப் பார்த்தான். ஜன்னல் வழியே தன் வண்டியைப் பார்த்தான்.

டானா டேப்பின் மூலையை விரலால் நீவினாள். ஒரு சுருக்கம் இல்லை.

"பதினஞ்சு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கறேன். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்ல. எந்தக் கம்பெனி ஆளுங்க ஒட்டினது?"

நார்மன் தொண்டையைச் செருமினார். மனைவியைப் பார்த்தார். அவள் டிரையரின் வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கன்னம் சிவந்திருந்தது. மகனுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"கம்பெனியாவது ஒண்ணாவது! என் பொண்டாட்டிம்மா. நான் ஏணியைப் பிடிச்சதோட சரி. பக்கவாதத்துல விழுந்த கையைச் சால்வைக்குள்ள முடிஞ்சுகிட்டு, டேப்பைப் பல்லுல கடிச்சு இழுத்து, பதினொண்ணையும் ஒத்தக் கையாலயே ஒட்டினா!"