வலதுபக்கக் கீறல்

"கீறலை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல தரைல தண்ணி தெளிம்மா."

ஓர்னெல்லா பக்கெட்டை எடுத்தாள். தூசி கிளம்பினால் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். ஜெரார்தோ தன் வீட்டுக் கராஜின் உத்தரத்திலிருந்து ஒரு கம்பியில் சைக்கிள் பிரேமைத் தொங்கவிட்டிருந்தார். பழைய பெயிண்டை முழுக்க உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வெறும் எஃகு மின்னியது. கார் பட்டறையில் நாற்பது வருடம் பெயிண்ட் அடித்து ஓய்வுபெற்றவர் அவர். அவள் கணவன் லீவியோவின் சைக்கிள் கூட்டாளி.

ஞாயிற்றுக்கிழமை லீவியோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறான். அதற்குள் இந்தப் பிரேம் வேறொரு பிரேமாக மாறியாக வேண்டும்.

தப்பு அவளுடையதுதான். முட்டி ஆபரேஷன் முடிந்து வருகிறவன் மாடி ஏறக் கூடாதே என்று கீழே சாமான் அறையை ஒழித்தாள். அந்தச் சனிக்கிழமை தேவாலயப் பிள்ளைகள் டிராக்டரோடு வந்து, மிஷன் தர்மத்துக்கென்று பழைய இரும்பு கேட்டார்கள். துருப்பிடித்த அடுப்பு, கட்டில் ஸ்பிரிங், மூலையில் கம்பளி சுற்றிக் கிடந்த ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தாள். குளிர்காலம் வந்தால் லீவியோ சைக்கிளைக் கழற்றிவிடுவான். சக்கரம், சீட்டு, ஹேண்டில்பார் எல்லாம் கிரீஸ் பூசி ஆணியில் தொங்கும். பிரேம் மட்டும் கம்பளிக்குள் தூங்கும். அது நினைவுக்கு வந்து திங்கட்கிழமை ஓடிப்போய் விசாரித்தபோது, இரும்பெல்லாம் உருக்காலைக்குப் போய்விட்டிருந்தது.

அந்த சைக்கிள் அவள் அப்பா கல்யாணத்தன்று மருமகனுக்குக் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: இனிமேல் பந்தயம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சவாரி மட்டும். அப்பா இப்போது இல்லை. லீவியோ அந்த சைக்கிளைத் துடைக்கக்கூட யாரையும் விட்டதில்லை.

அழுதுகொண்டு வந்து நின்றவளை ஜெரார்தோ திட்டவில்லை.

"நல்லவேளை, லீவியோ ஆஸ்பத்திரில இருந்தான். இப்ப அவன் முட்டிலயும் இரும்பு. வீட்ல இருந்திருந்தா அவனையும் சேத்து டிராக்டர்ல ஏத்திருப்ப."

இரண்டே நாளில் அதே கம்பெனி, அதே வருடத்துப் பிரேம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அளவுகூடக் கேட்கவில்லை.

வீட்டிலிருந்த போட்டோக்களையெல்லாம் ஓர்னெல்லா மேஜையில் பரப்பிவைத்தாள். அவர் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சையில் கொஞ்சம் மஞ்சள் ஊற்றினார், மூன்று சொட்டுக் கறுப்பு விட்டார், குச்சியால் கலக்கினார். கலந்ததை அவள் ஒரு தகரத் துண்டில் தடவிக் காயவைத்து, போட்டோவின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே பச்சை.

பெயிண்ட் புகையாய்ப் போய்ப் பிரேமின் குழாயில் படிவதையும், மெல்லிய தூரிகை நுனியில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இணைப்புகளின் ஓரத்தில் தங்கக் கோடு இழுப்பதையும், கோயிலில் நிற்பவள் போல நின்று பார்த்தாள். தினமும் கடைவீதியில் ரொட்டி வாங்கும்போது பார்த்துத் தலையாட்டிய மனிதர்தானா இவர்?

எல்லாம் காய்ந்த பிறகு புதியதைப் பழையதாக்கும் வேலை. முட்டி உரசும் இடத்தில் உப்புத்தாள். மூலைகளில் கிரீஸோடு காப்பிச் சக்கை. சக்கை அவள் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது. கம்பெனிப் பெயரின் மூன்றாவது எழுத்தில் பாதியை நகத்தால் சுரண்டினார்.

கடைசியில் கீறல். கல்யாணத்தன்று அப்பா சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது தேவாலயத்தின் இரும்புக் கதவில் உரசிவிட்டது. அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது. அது வலதுபக்கம். எந்தப் போட்டோவிலும் இல்லை. இங்கே தொடங்கும், இவ்வளவு நீளம் என்று அவள் விரலால் காட்ட முயல்வதற்குள் ஜெரார்தோ திருப்புளியை வைத்தார். ஒரே இழுப்பு. முடிவில் மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. கோட்டின் நுனியில் சின்னதாக ஒரு கொக்கி.

ஓர்னெல்லா வாயில் கைவைத்தாள். அந்தக் கொக்கி இருந்தது. அவளே மறந்துபோயிருந்தாள்.

"இது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"எனக்கு எங்கேம்மா தெரியும்? கைக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்புளியைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கைத்தடியோடு வந்து இறங்கிய லீவியோ, கட்டிலைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை. நேராக சைக்கிளிடம் போனான். சக்கரமெல்லாம் மாட்டி ஜெரார்தோ அதைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். லீவியோவின் கட்டைவிரல் வலதுபக்கக் கீறலைத் தேடிப் பிடித்து, அதன்மேலேயே நகர்ந்து, கொக்கியில் போய் நின்றது.

"வெயில் வந்ததும் மாட்டலாம்னு இருந்தேன். நீயே மாட்டிட்டியா?" என்று ஜெரார்தோவிடம் சிரித்தான்.

ஓர்னெல்லா காப்பி போட அடுப்படிக்குப் போனாள். அப்பா மேலே எங்கோ இருந்து மன்னித்துவிட்டார் என்று தோன்றியது.

தட்டோடு திரும்பியவள், கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றாள். உள்ளே லீவியோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"முப்பத்து மூணு வருஷமாச்சு ஜெரார்தோ, நீ அடிச்ச பெயிண்ட் இன்னும் அசையல. அவ அப்பா குடுத்தத ஒரே வருஷத்துல திருட்டுத்தனமா பந்தயத்துக்குக் கொண்டுபோய் நொறுக்கிட்டேன்னும், இது நீ ராவும் பகலும் உக்காந்து செஞ்சு குடுத்த நகல்னும் இன்னிவரைக்கும் அவளுக்குத் தெரியாது."