சூடேறும் வரை

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் காரைப் பந்தயத்தில் விடுமுன் சிவநேசன் எஞ்சினை ஹீட்டரில் வைப்பார். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் இறுகிக் கிடக்கும். வம்படியாகச் சுழற்றினால் உள்ளே ஏதாவது உடைந்துவிடும். சூடேறினால் தானாக இளகும். பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவி வத்சலாவின் வலது கை முஷ்டியாக மூடியே கிடக்கிறது. அவர் அதை இழுத்து விரிக்கவில்லை. தகரத்தை வளைத்துத் தானே செய்த அந்த ஹீட்டரைத் துணியில் சுற்றி, அவள் முஷ்டியோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவருடைய உள்ளங்கை எரிந்தது. பதறி எடுத்தார். அவள் விரல்கள் சிவந்திருந்தன.

“ரொம்பச் சுட்டுடுச்சா வத்சலா?”

“முதல்ல வைங்க, சொல்றேன்” என்றாள், திரும்பாமலே.