வடக்கு கேலரித் துணி

"அந்தத் துணிய எழுதினவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா, விரல ஒடிச்சுப் போட்டுடுவேன்!" என்று பஸ் டிரைவர் தொடையைத் தட்டிச் சொன்னார். பெயிண்டரின் பிரஷ் பலகையில் ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது.

நாளைக்கு மைதானத்தின் வடக்கு கேலரிக்கு 'பீரங்கி கேலரி' என்று பெயர் வைக்கிறார்கள். அதற்கான பலகை பெயிண்டரின் பட்டறையில் தயாராகிக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு டிரைவரும் அவருடைய மச்சான் மருந்துக்கடைக்காரரும் மதியத்திலிருந்து காலி டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பீரங்கி என்றால் சும்மாவா? அவர் உதைத்தால் வலை கிழியும் என்று ஒரு காலத்தில் நாடே பேசியது. முப்பத்தெட்டு வயதில், ஆடி ஓய்ந்த நேரத்தில், இவர்களுடைய சின்ன கிளப்புக்கு ஆட வந்தார். தலைகால் புரியாமல் குதித்த ஊர், எட்டே மாதத்தில் வாய்க்கு வந்தபடி ஏசி அவரை விரட்டிவிட்டது. ஆயிற்று, பன்னிரண்டு வருஷம். மனசு உறுத்தித்தான் இப்போது அவர் பெயரை வைக்கிறார்கள்.

"முதல் ஆட்டம் ஞாபகம் இருக்கா மச்சான்? நடுக்கோட்டுலேர்ந்து ஒரே உதை. கோல்கீப்பர் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள பந்து உள்ள!"

"அதுக்கப்புறம் எங்க? நொண்டி நொண்டித்தானே ஆடினாரு," என்றார் மருந்துக்கடைக்காரர். "வலிக்குதுன்னு சொன்னா ஊசியப் போட்டு இறக்கி விட்டுடுவாங்க. மருந்து என் கடையிலதானே வாங்குவாங்க, எனக்குத் தெரியாதா? மூணு வருஷ ஒப்பந்தம். அவர் பேருக்குத்தான் கூட்டமே வந்துச்சு. கிளப் லேசுல விடுமா?"

"அதுக்காகத் துணியில அப்படியா எழுதறது? 'முழங்கால் ரெண்டும் போச்சு பீரங்கி, வீட்டுக்குப் போ!' அட, கட்டுப் போட்டிருந்தது வலது கால்ல மட்டும்தான். அந்தப் பாவி ரெண்டும் போச்சுன்னு பொய் வேற எழுதியிருந்தான்!"

"எழுதினவன விடு. அதோட ஒரு முனையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தொண்டை கிழியக் கத்தினது யாரு?"

டிரைவரின் முகம் சுண்டிப்போனது. "வாசல்ல சுருட்டிக் கெடந்துச்சு, பிரிச்சுப் பிடிச்சோம். எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்தினேன்," என்றார், குரல் இறங்கி. "அண்ணாந்து பார்த்தாரு மச்சான். என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. சட்டையால முகத்தத் துடைச்சுக்கிட்டு அப்படியே வெளிய நடந்தாரு. மறுநாளே கிளப்பும் அனுப்பிடுச்சு. இப்ப நினைச்சாலும் எனக்குச் சோறு இறங்காது."

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டார். அந்த ஆட்டத்துக்கு முன் ஒருநாள் காலையில் அவர் பட்டறையைத் திறக்க வந்தபோது, கதவிடுக்கில் கூலியோடு ஒரு சீட்டு சொருகியிருந்தது. அதிலிருந்த வாசகத்தைத் துணியில் எழுதி முடித்து, சுருட்டி, வடக்கு வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தது.

சீட்டில் இருப்பதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுவதுதான் தொழில் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவரும் பீரங்கி என்றால் உயிரை விடுகிற ஆள்தான். ஆனாலும் இருந்ததிலேயே நல்ல சிவப்பை எடுத்து, கொட்டை கொட்டையாக எழுதிக் கொடுத்தார். அந்த வெட்கக்கேட்டை இன்றுவரை யாரிடமும் அவர் மூச்சுவிட்டதில்லை.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்தபடி இறங்கினவரைப் பார்த்ததும் மூன்று பேரும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

சாட்சாத் பீரங்கியேதான்!

"பலகை எழுதறவரப் பார்க்கணும்னு வந்தேன்," என்றார். மருந்துக்கடைக்காரர் தன் டப்பாவைத் துடைத்துப் போட, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "ரெண்டும் ஆபரேஷன் பண்ணின மூட்டு. சொன்ன பேச்சு கேக்காது."

பெயிண்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"அண்ணே, இந்தப் பலகைய எழுத எனக்கு அருகதை இல்லண்ணே. அன்னிக்கு அந்தத் துணிய எழுதினதும் இதே கைதான்."

விரலை ஒடிப்பேன் என்றவர் அசையவில்லை. "ஒரு முனையப் பிடிச்சவன் நான்தாண்ணே," என்று அவரும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பீரங்கி பாதி எழுதியிருந்த பலகையையே பார்த்தார். அதற்கு நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெயிண்டருக்கு. மேசையின் அடி டிராயரை இழுத்து, மஞ்சள் பாரித்துப்போன அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"யார் கொடுத்ததுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. தூக்கிப் போடவும் மனசு வரல, வெச்சிருக்கவும் மனசு வரல. ஒரு மனுஷனப் பார்த்து எழுதற வார்த்தையா இது? பார்த்த உடனேயே கிழிச்சுப் போட்டிருக்கணும்."

பீரங்கி சீட்டைப் பிரித்தார். ஒரு தடவை படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"கிழிச்சிருந்தா, இன்னொண்ணு எழுதி உங்க கதவிடுக்குல சொருகியிருப்பேன்."